குப்பை லாரி வராத சைட்

சாந்துச்சட்டி சுமந்துகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு நிறுத்தி, தலையில் பச்சைத்தொப்பியை வைத்தது கம்பெனிக்கு ஆள் எடுக்கிற பர்சனல் மேடம்தான். சைட்டில் மற்றவர்களுக்கெல்லாம் மஞ்சள் தொப்பி, இன்ஜினியருக்கு வெள்ளை. பச்சை அவள் ஒருத்திக்கு மட்டும். அன்றிலிருந்து அவளுக்குப் பச்சைத்தொப்பி என்பதே பேராகிவிட்டது.

கம்பெனி அப்போதுதான் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. கட்டடம் எழும்பும்போது சுற்றியுள்ள மண்ணும் தண்ணீரும் காற்றும் கெடக்கூடாது. ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, மேலே தூக்கிவிடுவது எல்லாமே இனி அதை வைத்துத்தான். எந்த சைட்டிலிருந்து குப்பை லாரி குறைவாக வெளியே போகிறதோ, அந்த சைட் ஆட்களை வேலை முடிந்ததும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு கட்டடம் முடிந்தால் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கட்டடம் தேடிப் போகிற ஜனங்கள் அவர்கள். நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு மேடம் பேசிய மற்ற எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை.

"இத்தனை பேர்ல என்னை ஏன் மேடம் எடுத்தீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"உடைஞ்ச செங்கல்லை யாரும் சொல்லாமலே தனியா அடுக்கி வச்சுட்டு இருந்தியே, அதைப் பார்த்தேன்."

"அது உக்கார்றதுக்கு மேடம். கால் வலிச்சா அதுலதான் உக்காருவேன்."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

முதலில் கேலியாகத்தான் இருந்தது. அவள் சாரத்துக்குக் கீழே வந்தால் மேலேயிருந்து குரல் வரும். "மகாராணி வர்றாங்க, குப்பையெல்லாம் எந்திரிச்சு நில்லுங்கப்பா." அவளும் விடமாட்டாள். "குப்பை எந்திரிச்சுடுச்சு. நீங்கதான் இன்னும் உக்காந்திருக்கீங்க" என்பாள். போகப் போக, அவள் சொன்னதைச் செய்ய ஆரம்பித்தார்கள். உடைந்த செங்கல் தரை நிரப்பப் போனது. வெட்டி மிஞ்சிய கம்பிகளை நீளவாரியாகப் பிரித்து வைத்தார்கள். காலி சிமெண்ட் பைகளை உதறி மடித்தார்கள். காங்கிரீட்டுக்குக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் அடிப்பதை நிறுத்தி, ஈரச்சாக்கு போர்த்தினார்கள். பெயிண்ட் பட்ட பலகையை அடுப்பில் வைக்கக்கூடாது என்று அவள் சமையல் கொட்டகை வரைக்கும் போய்ச் சண்டை போட்டாள்.

சமையல் கொட்டகையில் இருந்தது அவளுடைய நாத்தனார், கணவனுக்கு அக்கா. சைட்டில் எல்லாருக்கும் அவள் அக்காதான். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் அண்டாக்களில் சோறும் பருப்பும் ஆக்கி, அத்தனை பேருக்கும் கரண்டி பிடித்தாள். குரல் அப்படி ஒரு குரல். அவள் "சாப்பாடு" என்று ஒரு சத்தம் கொடுத்தால் மொட்டைமாடியில் கம்பி கட்டுகிறவன் கையில் பிடித்த குறட்டைக் கீழே போடுவான்.

"ஏம்மா பச்சைத்தொப்பி, பலகையை எரிக்காதேங்கிற, அப்ப சோறு வெயில்ல வேகுமா?"

"பெயிண்ட் அடிச்ச பலகை மட்டும் வேணாம் அண்ணி. அந்தப் புகை உங்க நெஞ்சுக்குள்ளதான போகுது?"

"என் நெஞ்சுக்குள்ள உன் புருஷனை வளர்த்த புகையே இன்னும் இருக்கு. இது எங்க போய் உக்காரும்?" என்பாள் அக்கா. ஆனால் மறுநாள் பெயிண்ட் பலகை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும்.

அந்தப் புருஷன், கொத்தனார், நல்ல கைகாரர். அவர் பூசிய சுவரில் கையை வைத்தால் எடுக்க மனசு வராது. மனைவி தொப்பி போட்டதில் முதலில் அவருக்கு ஒரு முணுமுணுப்பு இருந்தது. "வீட்லயும் நீ சொல்ற, சைட்லயும் நீ சொல்ற. நான் எங்கதான் போறது?" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கேட்டார். "கலவை மெஷினுக்குள்ள போய் உக்காருடா. அங்க யாரும் பேசமாட்டாங்க" என்றாள் அக்கா. அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே மற்ற கொத்தனார்களிடம், "எங்க வீட்டம்மா சொன்னா கேட்டுக்கங்கப்பா, நிரந்தரம் ஆயிடலாம்" என்று சொல்லத் தொடங்கினார். மகளை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து முடிக்க வைத்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு வெறியாகவே இருந்தது. அந்தப் பெண் ஏற்கெனவே பள்ளிக்கூடம் மாறி மாறி, எழுத்துக்கூட்டுவதையே மறுபடி மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

செங்கல், கம்பி, பை எல்லாவற்றுக்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. தளம் ஒழுகாமல் இருக்கப் பூசும் மருந்து, பெயிண்டைக் கரைக்கிற தின்னர், பலகையில் தடவுகிற கறுப்பு ஆயில், இதெல்லாம் வந்த டின்களும் டிரம்களும். அடியில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதை என்ன செய்வது என்று இன்ஜினியரிடம் கேட்டாள்.

"அதெல்லாம் விக்கிற கம்பெனிக்காரனே திரும்ப எடுத்துக்கிறான்மா. நீ அதைப் பத்திக் கவலைப்படாதே."

அவள் கவலைப்படவில்லை. டின்கள் குவிந்து கிடந்த மூலை திடீரென்று சுத்தமாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தாள். மாதக்கணக்காகக் குப்பை லாரி கேட்டுக்குள் வரவே இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, அவளுக்கு மாலை போட்டு, மரக்கன்று ஒன்றை அவள் கையால் நட வைத்து, எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். காய்த்துப்போன கை அவர் கையில் உறுத்துமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூட்டத்தில் அதிகமாகக் கைதட்டியது கொத்தனார்தான். அக்கா விரலை வாயில் வைத்து விசிலே அடித்தாள்.

அப்புறம்தான் அந்த மழை பிடித்தது. காலமில்லாத காலத்தில் வந்த மழை. விட்டு விட்டு இல்லை, அசராமல் கொட்டியது. சாரமெல்லாம் வழுக்கியதில் வெளிவேலை நின்றுபோனது. தகரக் கொட்டகைகளுக்குள் ஆட்கள் துணி காயாத வாசனையோடு முடங்கிக் கிடந்தார்கள். கொட்டகைகளுக்குப் பின்னால் தாழ்வான மண்தரை. அதன் ஓரத்தில்தான் தரையடித் தொட்டி. கொட்டகை ஜனங்கள் குடிப்பதும், அக்கா சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

"தண்ணி என்னமோ மாதிரி இருக்குடா, நாக்குல நிக்குது" என்றாள் அக்கா.

"மழைத் தண்ணி கலந்திருக்கும்க்கா. அப்படித்தான் இருக்கும்" என்றார் கொத்தனார்.

அன்று மாலையே அவர் ஆபீஸ் கட்டடத்திலிருந்து ஒரு கேன் தண்ணீரைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "மழை நேரம். புள்ளைக்கு ஒத்துக்காது. நீயும் இதையே குடி" என்றார். பச்சைத்தொப்பிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்த மனிதருக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டாள். அக்கா அந்த வீட்டில் படுப்பதோடு சரி. சாப்பாடு தண்ணீர் எல்லாம் அவளுக்குச் சமையல் கொட்டகையில்தான். அடுப்பு அனலில் நிற்பவள், பக்கத்துக் குடத்தில் செம்பைவிட்டு மொண்டு மொண்டு குடித்துக்கொண்டே இருப்பாள்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம். ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அக்கா கரண்டியால் பருப்பை அள்ளினாள். அள்ளிய கரண்டி தட்டுக்கு வராமல் அப்படியே நின்றது. "ஏன்டா இப்படி இருட்டுது?" என்று கேட்டாள். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. அடுத்த நிமிஷம் அண்டாவின் மேல் சாயப் போனவளை வரிசையில் நின்ற வெல்டர்தான் பிடித்து இழுத்தான். வாயில் நுரையும் ரத்தமும் கலந்து வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே, கொட்டகைப் பக்கத்திலிருந்து வேறு இரண்டு மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன குடிச்சாங்க?" என்பதுதான்.

"தண்ணிதான் டாக்டர். வேற ஒண்ணுமில்ல" என்றாள் பச்சைத்தொப்பி.

"தண்ணியில என்ன இருக்குன்னு போய்ப் பாருங்க. தொண்டை, வயிறு ரெண்டும் வெந்த மாதிரி இருக்கு. ஒருநாள் ரெண்டு நாள் குடிச்சதில்ல இது."

பச்சைத்தொப்பி ஆஸ்பத்திரியில் நிற்கவில்லை. கணவனையும் கூட்டிக்கொண்டு நேரே தொட்டிக்கு வந்தாள். மூடியைத் தூக்கினாள். தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் ஆடிக்கொண்டிருந்தது. மண்தரைப் பக்கச் சுவரில் ஒரு விரிசல். அதன் வழியாகக் கறுப்பாக ஏதோ கசிந்து இறங்கியிருந்தது.

யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று கொட்டகை கொட்டகையாக ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள். "பக்கத்துல ஏதாவது பட்டறைக்காரன் கழிவை விட்டிருப்பான். எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்துடணும். வெட்டுங்க" என்றாள். கொத்தனார் மண்வெட்டியை எடுத்தார். கொட்டகை ஆட்கள் சுற்றி நின்றார்கள். வேலி ஓரமாக வெட்டினார். வெறும் சேறு. இந்தப் பக்கம் வெட்டினார். அங்கேயும் சேறு.

"இங்க வெட்டுங்க" என்று அவள் தொட்டிக்கும் கொட்டகைக்கும் நடுவே கையைக் காட்டினாள்.

"அங்க வேணாம்."

"ஏன்?"

"அங்க ஒண்ணுமில்ல."

"ஏதாவது இருக்கான்னுதான எல்லா இடத்துலயும் வெட்டிப் பாக்கறோம். இங்க மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மண்வெட்டியின் காம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி தூறத் தொடங்கிய மழை அவர் காதோரம் வழிந்தது. அவள் பக்கத்தில் போய் மண்வெட்டியை வாங்கினாள். அவர் கை எந்த எதிர்ப்பும் காட்டாமல் விட்டுவிட்டது. அவள் வெட்டினாள். ஈரமண் பிடிவாதம் இல்லாமல் பெயர்ந்தது. நாலு வெட்டில் தகரத்தில் பட்ட சத்தம் கேட்டது.

முதலில் வந்தது நாற்றம். கண்ணில் தண்ணீர் வந்தது. மண்ணைக் கையால் விலக்கினாள். நசுங்கிய டின்கள், டிரம்கள், ஆயில் துணி மூட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, செங்கல் வைத்தது போல ஒழுங்காக அடுக்கி, இடைவெளியெல்லாம் மண் போட்டு நிரப்பியிருந்தது. இன்ன கை அடுக்கியது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த ஒழுங்கு அவளுக்குத் தெரியும்.

ஒரு டின்னின் மேல் ஒட்டியிருந்த படத்தில், குடை பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கால் செருப்பு ஒன்று சேற்றில் எங்கோ போய்விட்டது என்பது நினைவுக்கு வந்தது. தேட வேண்டும் என்று தோன்றியது. தேடாமல் நின்றாள்.

"இன்ஜினியர்தான் சொன்னாரு" என்றார் கொத்தனார். "எடுத்துட்டுப் போறவன் யாரும் இல்ல. லாரியில ஏத்தினா கணக்குல வந்துடும். கண்ணுல படாம பாத்துக்கன்னாரு. நிரந்தரம் போயிடும்னாரு."

"தொட்டி பக்கத்துலயா?"

"தொட்டி உடைஞ்சிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நிமிர்ந்து சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. பயம் இருந்தது. வெல்டர் தரையைப் பார்த்தான். கம்பி கட்டுகிறவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

கடைசியில் வெல்டர்தான் வாயைத் திறந்தான். "எல்லாருக்கும் சேத்துத்தான அவரு செஞ்சாரு. தண்ணிக்குப் போகும்னு யாரு கண்டா? நாங்களும் அதைத்தான குடிச்சோம்?"

நாங்களும் அதைத்தானே குடித்தோம். அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கி எங்கோ போய் முட்டியது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாம குடிக்கலையே" என்றாள். குரல் அவளுடையது போல இல்லை. "கேன் தண்ணி கொண்டாந்தீங்களே. மழை நேரம், புள்ளைக்கு ஒத்துக்காதுன்னு."

கொத்தனாரின் உதடு அசைந்தது. "சந்தேகமாத்தான் இருந்துச்சு. நிச்சயமாத் தெரியாது."

வெல்டர் மெல்ல நடந்துவந்து கொத்தனார் முன்னால் நின்றான். அடிக்கப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொட்டகைக்குள் போய்விட்டான். உள்ளே அவனுடைய பெண்டாட்டியும் வயிற்று வலியோடு படுத்திருந்தாள்.

அதற்குள் இன்ஜினியர் வெள்ளைத்தொப்பி சாய ஓடிவந்தார். "மூடுங்க, முதல்ல மூடுங்க. மேடம் வந்துட்டு இருக்காங்க. ஏம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? உன் புருஷன் ஜெயிலுக்குப் போவான். இத்தனை பேர் வேலையும் போகும். தண்ணி வேற இடத்துலேர்ந்து கொண்டாந்துடலாம். முடிஞ்சது."

"எங்க அண்ணி வாயில ரத்தம் வருது சார்."

"ஆஸ்பத்திரியை நான் பாத்துக்கறேன். நீ மூடு."

கொத்தனார் பழக்கதோஷத்தில் மண்வெட்டிக்குக் கையை நீட்டினார். அவள் அதைக் கொடுக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு, மண்வெட்டியையும் பிடித்தபடி ஆபீஸ் கட்டடம் வரை நடந்தாள். வாசலில் ஏறியவள் திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள். உள்ளே சொல்லப்போவது யாரைப் பற்றி என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு மகள் எந்தக் கொட்டகைக்குத் திரும்பி வருவாள் என்றும் நினைத்துப் பார்த்தாள். அப்போதுதான் மேடத்தின் கார் வந்து நின்றது.

"என்னம்மா, யாருக்கோ உடம்பு சரியில்லையாமே?"

"மேடம், டின்னையெல்லாம் தொட்டி பக்கத்துல புதைச்சு வச்சிருக்கு. புதைக்கச் சொன்னது இன்ஜினியர். புதைச்சது என் வீட்டுக்காரர். எங்கேன்னு கேக்காம மாலை போட்டுக்கிட்டது நான்."

மேடம் காரின் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "எங்க?" என்று மட்டும் கேட்டாள். வந்து பார்த்தாள். குழியின் விளிம்பில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, நாற்றத்துக்காகவா என்று தெரியவில்லை. அப்புறம் அவள் தாமதிக்கவில்லை. கொட்டகை ஆட்கள் அத்தனை பேரையும் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தொட்டியைப் பூட்டினாள். நல்ல தண்ணீர் வந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகளிடம், இன்ஜினியர் குறுக்கே பேசப் பேச, நடந்ததை நடந்தபடி சொன்னாள். கடைசியாகத் தானே சேர்த்துக்கொண்டாள்: "லாரி குறைஞ்சா போதும்னு எழுதினது நான். குறைஞ்ச குப்பை எங்க போச்சுன்னு நானும் கேக்கல."

இன்ஜினியர் மேலும் கொத்தனார் மேலும் வழக்கு போட்டார்கள். இருவருக்கும் வேலை போனது. அந்த சைட்டில் யாருக்கும் நிரந்தரம் கிடைக்கவில்லை. கம்பெனி திட்டத்தைக் கைவிடவில்லை, மாற்றியது. லாரி எத்தனை என்று பார்ப்பதை நிறுத்தி, ஒவ்வொரு லாரியும் எதை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்று பார்த்தார்கள். கொட்டகைத் தண்ணீரைச் சோதித்த பிறகுதான் மற்ற எந்தப் பாராட்டும். பச்சைத்தொப்பியை வேலையில் இருக்கச் சொன்னாள் மேடம். அவள் இருந்தாள். சாரத்திலிருந்து இப்போது யாரும் மகாராணி என்று கூப்பிடவில்லை. அவள் வந்தால் பேச்சு நிற்கும். காரியம் மட்டும் நடக்கும்.

கொட்டகையைக் காலி செய்துவிட்டு, வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை எடுத்துக் குடிபோனார்கள். அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அங்கேதான் கூட்டிவந்தார்கள். பாதியாக இளைத்திருந்தாள். அந்தக் குரல் போய்விட்டது. காற்றோடு கலந்து, சுவரைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம். காரமில்லாத குழைந்த சோறுதான் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை தம்பியிடம் அவள் எதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து முதல் நாள் மத்தியானம், எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பட்டறையில் கம்பி அறுக்கிற சத்தம் நின்ற ஒரு இடைவெளியில் அக்கா நிமிர்ந்தாள்.

"உன் வீட்டுக்குக் கேன் எடுத்துட்டு வந்தியே. அப்ப என் ஞாபகம் வரலையாடா?"

பச்சைத்தொப்பியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. வரவில்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால்கூட, அழுது தீர்த்துவிட்டு, எப்படியாவது இந்த வீட்டில் நாலு பேரும் காலம் தள்ளிவிடலாம்.

கொத்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் பிசைவதை நிறுத்தினார்.

"வந்துச்சுக்கா."

பச்சைத்தொப்பி தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கொட்டகை வாசல் வரைக்கும் வந்தேன்" என்றார் அவர். "நீ பருப்பு கிண்டிட்டு இருந்த. சொல்லலாம்னுதான் வந்தேன். சொன்னா நீ என்ன, ஏதுன்னு கேப்ப. தெரிஞ்சா சும்மா இருக்கமாட்ட. சத்தம் போட்டு ஊரையே கூட்டிடுவன்னு..."

பட்டறையில் மறுபடி கம்பி அறுக்கத் தொடங்கினார்கள். அக்கா வாயில் இருந்த சோற்றை மெதுவாக, வலியோடு விழுங்கினாள். தொண்டையைத் தடவிக்கொண்டாள். தம்பியின் முகத்தைப் பார்த்தபடியே, அந்த இல்லாத குரலில் சொன்னாள்.

"ஆமா. கூட்டியிருப்பேன்."